ஹல்லாவின் காதுக்கு ஒரு சைலன்சர்

இர்யா கெத்துனென் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் டாக்சி ஓட்டுகிறவள். குஹ்மோ என்ற சிற்றூரைச் சுற்றியுள்ள காட்டுச் சாலைகளில் எந்தப் பனிக்கும் அவள் வண்டி நின்றதில்லை. இலையுதிர்காலம் வந்துவிட்டால் ஊர் வேட்டைக் குழுவுக்கு நாய்க்காரி அவள்தான். மற்றவர்கள் ஆளுக்கொரு இடத்தில் காவல் நிற்க, அவள் மட்டும் நாயோடு காட்டுக்குள் இறங்குவாள். நாய் மூஸ் மானைத் தேடிப்பிடித்து, எதிரே நின்று குரைத்தே அதை நகரவிடாமல் செய்யும். அந்தக் குரைப்பைக் குறிவைத்து இர்யா ஓசைப்படாமல் நெருங்கிச் சுடுவாள்.

சென்ற ஆண்டு அங்கேதான் கோளாறு நடந்தது. ஹல்லா, அவளுடைய சாம்பல் நிறப் பெட்டை நாய், ஒரு பள்ளத்தில் நின்று மானை மடக்கியிருந்தது. இர்யா மேட்டில் இருந்தாள். குண்டு நாயின் தலைக்கு நன்றாக மேலே போகும் என்று கணக்குப் போட்டாள். கணக்கு தப்பவில்லை, மான் நின்ற இடத்திலேயே விழுந்தது. ஹல்லா மட்டும் வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு ஓடிப்போய் வண்டிக்கு அடியில் படுத்துவிட்டது. அன்று முதல் துப்பாக்கிப் பையைப் பார்த்தாலே சவுனா என்னும் நீராவிக் குளியல் அறையின் பலகைக்குக் கீழே பதுங்கிவிடும்.

குழுத் தலைவர் தவுனோ நல்ல மனிதர்தான், ஆனால் மனதில் பட்டதைப் போட்டு உடைத்துவிடுவார்.

"வெடிக்குப் பயந்த நாய் பயந்ததுதாம்மா. இந்த வருஷ வேட்டையில முதல் வாரம் பாப்போம். மறுபடி ஓடிட்டா, பக்கத்து ஊர்லேருந்து வேற நாயக் கூப்பிட்டுக்கிறேன். நீ கோவிச்சுக்காத."

"கோவமெல்லாம் இல்லண்ணே," என்றாள் இர்யா. கோபம் இருந்தது, ஆனால் அவர்மேல் இல்லை. மேட்டிலிருந்து சுட்ட தன் கைமேல்தான்.

துப்பாக்கிக்குச் சத்தம் குறைக்கும் சைலன்சர் வாங்கப் போகிறேன் என்றதும் அவள் கணவன் ஒய்வா பட்டாணி சூப்பை ஊதிக்கொண்டே சொன்னான். "நாய்க்குக் காது மூடுற மாதிரி ஒரு தொப்பி பின்னிப் போடேன். செலவு மிச்சம்."

"உனக்கும் சேத்து ஒண்ணு பின்றேன். நான் கூப்பிட்டா உனக்கு எப்பவும் கேக்கிறதில்ல."

அவளுடையது பெருங்குண்டுத் துப்பாக்கி, கரடிக்கே போதும். சின்னதாக மாற்றிக்கொள் என்று பலர் சொல்லிப் பார்த்தார்கள். ஓர் உயிர் குண்டை வாங்கிக்கொண்டு சாகாமல் காட்டில் தவித்துத் திரிவதை அவளால் சகிக்க முடியாது. அதனால் துப்பாக்கி அதேதான், அதற்கேற்ற அகலத் துளையுள்ள சைலன்சர்தான் வேண்டும். கடைக்காரன் பெர்த்து குழல் நுனியில் சைலன்சரைத் திருகி மாட்ட மரை வெட்டிக் கொடுத்துவிட்டு, இரண்டை எடுத்து மேசைமேல் வைத்தான். ஒன்று முழங்கை நீளம், தடியானது. மற்றது குட்டை, கையில் எடுத்தால் கனமே தெரியவில்லை.

"பெருசு அக்கா, கண்ண மூடிட்டு எடுங்க. இவ்வளவு பெரிய துப்பாக்கிக்கு இதவிட அமைதியா எதுவும் கிடைக்காது."

"எங்க நிக்கிறவனுக்கு அமைதி?"

பெர்த்து விழித்தான். "சுடுறவங்களுக்குத்தான். வேற யாருக்கு?"

இர்யா இரண்டையும் சோதிக்க வாங்கிக்கொண்டாள். நியாயமாகப் பார்த்தால் பெரியதை வாங்கியிருக்க வேண்டும். எல்லாரும் அப்படித்தான் வாங்குகிறார்கள். சுடுமேடையில் நின்று கேட்டுவிட்டு, தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். நாய் சுடுமேடையில் நிற்பதில்லை என்பது ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

ஊர்ச் சுடுதளத்தில், தண்டவாளத்தில் ஓடும் அட்டை மூஸுக்குக் கீழே, மண்மேட்டின் மறைவில், இலக்கை இயக்குகிறவர்களுக்கென்று ஒரு காங்கிரீட் குழி உண்டு. துப்பாக்கியைத் தவுனோவிடம் கொடுத்துவிட்டு இர்யா அதற்குள் போய் உட்கார்ந்தாள்.

"முதல்ல சைலன்சர் இல்லாம சுடுங்கண்ணே," என்றாள் ரேடியோவில்.

"பைத்தியமா உனக்கு?"

"நாய்க்கு அதுதானே கேட்டுச்சு. சுடுங்க."

அடித்தது. தலைக்கு மேலே சாட்டை சொடுக்கியது போல ஒரு வெடிப்பு, அதன் பின்னாலேயே பெரிய இடி. காதுக்கவசம் போட்டிருந்தும் இர்யா குனிந்துவிட்டாள். பாவி, இதைத்தான் என் பிள்ளைமேல் விட்டேன் என்று நினைத்ததும் கண் கலங்கிவிட்டது.

அடுத்து பெரிய சைலன்சர். இடி காணாமல் போய்விட்டது, ஆனால் சொடுக்கு அப்படியே இருந்தது. பிறகு குட்டையானது. இங்கும் இடி இல்லை, அதே சொடுக்கு. மாற்றி மாற்றிச் சுடச் சொன்னாள். குழிக்குள்ளிருந்து எது பெரியது, எது சிறியது என்று அவளால் சொல்லவே முடியவில்லை. சொடுக்கு குண்டின் பாதையில் பிறப்பது. குண்டு ஒலியை முந்திக்கொண்டு பறக்கும்வரை எந்தச் சைலன்சராலும் அதை அடக்க முடியாது. குண்டு போகும் வழியில் நாய் இல்லாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் வழி. அதற்கு அவள் இளமர நெருக்கத்துக்குள் புகுந்து, சுற்றிப்போய், நாய் குறுக்கே வராத பக்கம் சேர வேண்டும். முழங்கை நீளச் சைலன்சர் கிளைக்குக் கிளை மாட்டும்.

"குட்டைதான்," என்றாள் மேலே ஏறி வந்து.

"பெருசு இன்னும் அமைதியா இருந்துச்சேம்மா."

"உங்களுக்கு. என் காதுக்குக் கவசம் இருக்குண்ணே. ஹல்லாவுக்கு நான்தான்."

அக்டோபரின் முதல் சனிக்கிழமை ஹல்லா வண்டியைவிட்டு இறங்கத் தயங்கியது. துப்பாக்கியை முகர்ந்து, இர்யாவின் முகத்தைப் பார்த்தது. பிறகு மூக்கு நுனியில் ஏதோ வாடை பட்டிருக்க வேண்டும், போயே போய்விட்டது. சதுப்புக்கு அப்பால் குரைப்பு கேட்டதும் இர்யா அந்தத் திசையில் நடந்தாள்.

நெருங்கினாள். நல்ல காளை மான், விலா முழுதும் தெரிந்தது, நேரே சுடலாம். ஆனால் நடுவில் ஹல்லா. துப்பாக்கியை இறக்கினாள். இளமரங்களுக்கிடையே வளைந்து, பாசியில் கால் வைத்து, மெல்ல இடப்பக்கம் சுற்றினாள். மான் ஒருமுறை தலையைத் திருப்பியது. போய்விடும், போகட்டும் என்றே நினைத்தாள். போகவில்லை. நாய் முழுதாக ஒதுங்கித் தெரிந்த பிறகே சுட்டாள்.

மான் மடங்கி விழுந்தது. குரைப்பும் நின்றது. இர்யா அந்தப் பக்கம் பார்க்கப் பயந்தாள்.

சற்று நேரத்தில் ரேடியோவில் தவுனோவின் குரல் கரகரத்தது. காவல் நின்ற யாருக்கும் வெடி சரியாகக் கேட்கவில்லை.

"இர்யா, சுட்டியா இல்லையா? குரைப்பே காணோம். நாய் வண்டிக்கு அடியில போயிடுச்சாம்மா?"

இர்யா ரேடியோப் பொத்தானை அழுத்தினாள்.

"இல்லண்ணே. மான் கழுத்துல ஏறி உக்காந்து முடியப் புடுங்கித் துப்பிக்கிட்டிருக்கா. என்னக் கிட்டவே விடமாட்டேங்கிறா."