திரும்பி வந்த கணித டீச்சர்

மருதமுனை ஹுஸ்னியா பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்ததும் ஊரார் நினைத்ததுபோல டீச்சராகப் போகவில்லை. மாகாணக் கல்வித் திணைக்களத்தின் ஆய்வுப் பிரிவில் சேர்ந்தாள். "படிப்பிக்காம, பள்ளிக்கூடத்தைப் பத்தி ஆராயிறதும் ஒரு தொழிலா மகள்?" என்று உம்மா மைமூனா கேட்டார். "ஓம் உம்மா, இதுதான் என்ட தொழில்" என்றாள்.

நாவிதன்வெளிப் பக்கத்து வயற்கிராமங்களில் பிள்ளைகள் பதினோராம் வகுப்புச் சாதாரணதரப் பரீட்சையில் கணிதத்தை ஏன் கோட்டை விடுகிறார்கள் என்று பார்க்கும் வேலை அவளிடம் வந்தது. காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கணித ஆசிரியர்கள் அங்கே நிலைப்பதில்லை. வந்த கையோடு இடமாற்றம் வாங்கிக் கரையோர ஊர்களுக்குப் போய்விடுவார்கள். அவர்கள் கஷ்டப்பட மனமில்லாதவர்கள், இடமாற்றச் சட்டத்தை இறுக்கினால் சரிவரும் என்றார்கள் அதிகாரிகள்.

ஹுஸ்னியா அப்படிப் போனவர்களையே தேடிப் போனாள். கல்முனையில் கேதீஸ்வரி டீச்சரைக் கண்டாள்.

"ஏன் டீச்சர் விட்டுட்டு வந்தீங்க?"

"இத ஒருத்தரும் என்னட்டக் கேக்கல்ல, தங்கச்சி," என்றார் கேதீஸ்வரி. "பின்னேர வகுப்பு வைக்க எனக்குச் சரியான ஆசை. வகுப்பு முடிய பஸ் இல்ல. தங்க ஒரு அறையும் இல்ல. யானை வாற றோட்டால கைப்பிள்ளையோட எப்பிடி வாறது? அந்தப் பிள்ளைகள விட்டுட்டு வந்தது இன்னும் மனசுல கெடக்கு."

மற்றவர்கள் சொன்னதும் கிட்டத்தட்ட அதுவேதான். சட்டம் வேண்டாம், விடுதியும் பஸ்ஸும் வேண்டும் என்று ஹுஸ்னியா அறிக்கை எழுதினாள். திருகோணமலைக் கூட்டத்தில் மாகாணக் கல்விப் பணிப்பாளர் ஷரிபுதீன் அதை ஒதுக்கி வைத்தார்.

"பஸ் ஓட்டுறது கல்வித் திணைக்களத்திட வேலையில்ல, மிஸ்."

"கணிதம் படிப்பிக்கிறது நம்மட வேலைதானே சேர். பஸ் இல்லாம அது நடக்கல்லையே."

அவர் அடுத்த கோப்பை எடுத்தார். அவள் விடவில்லை. பஸ் டிப்போவுக்கு நடையாய் நடந்து பின்னேர பஸ்ஸை வகுப்பு முடிந்த பிறகு புறப்பட வைத்தாள். கேதீஸ்வரி முன்பு படிப்பித்த பாடசாலையில் பாழடைந்து கிடந்த ஆசிரியர் விடுதியை ஊர்ப் பெற்றோர், கோயிலாரும் பள்ளிவாசலாரும் சேர்ந்தே, கூரை மாற்றி வெள்ளையடித்தார்கள். அதன் பிறகு மீண்டும் ஷரிபுதீனிடம் போனாள். அவள் எடுத்துப்போன விடுதிப் படங்களை அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "சரி, ஒரு வருஷம் சோதிச்சுப் பாப்பம்" என்று அவளுடைய திட்டத்தில் கையொப்பமிட்டார்.

கேதீஸ்வரி தானாகக் கேட்டுத் திரும்பி வந்தார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள். பின்னேர வகுப்புகள் நிரம்பின.

அடுத்த பரீட்சைப் பெறுபேறு வந்த அன்று ஊரில் பட்டாசு வெடித்தது. அந்தப் பாடசாலையில் அவ்வளவு பிள்ளைகள் கணிதத்தில் சித்தியடைந்தது அதுதான் முதல் தடவை. கூலிக்கு வயல் வெட்டுபவரின் மகள் நதீராவுக்குக் கணிதத்தில் ஏ சித்தி. அடுத்து உயர்தர வகுப்பில் கணிதப் பிரிவு எடுக்கப்போவதாகச் சொன்னாள். அதற்கு முன் அந்த ஊரில் எந்தப் பெண்பிள்ளையும் எடுத்ததில்லை.

ஹுஸ்னியா அங்கே நிற்கும்போதே ஷரிபுதீன் தொலைபேசியில் கதைத்தார்.

"நீங்க சொன்னதுதான் சரி, மிஸ். தூரத்துப் பாடசாலை எல்லாத்துக்கும் முதல்ல விடுதி, பஸ், மறுகாதான் நியமனம். மாகாணக் கொள்கையில அப்பிடியே போடுறம். எழுதித் தாங்க."

"இண்டைக்கே தாறன், சேர்," என்றாள் ஹுஸ்னியா. கண் கலங்கியிருந்தது. கேதீஸ்வரி அவளை இழுத்துக்கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்கு நடுவில் நிறுத்தினார்.