பாதி பளபளத்த கார்

எங்கள் கார் கறுப்பு நிறம். பழைய வண்டியாகத்தான் வாங்கினோம். நிழலில் நின்றால் ஒரு குறையும் தெரியாது. வெயிலில் நிறுத்திவிட்டால் போதும், பானட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கீறல்கள். தூசியோடு துணியைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து நாங்களே உண்டாக்கிய கீறல்கள். மதுரையில் வெயிலுக்குக் குறைச்சல் ஏது? தினமும் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது.

என் தம்பி அவனியாபுரத்தில் வண்டிகளைக் கழுவிப் பாலிஷ் போடும் பட்டறை வைத்திருக்கிறான். "விட்டுட்டுப் போக்கா, பயலுக பாத்துக்கிருவாய்ங்க" என்றான். ஆனால் அங்கே ஒரு வண்டியின் கதவின் மேல் பாலிஷ் மெஷின் சுழல்வதையும், அது போன தடத்தில் கண்ணாடியில் போல எதிர்ச் சுவர் தெரிவதையும் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது.

"நானே போடுறேன். சொல்லிக் குடு."

என்னை மேலும் கீழும் பார்த்தான். "அக்கா, இது மிக்சி இல்ல."

"தெரியும்டா."

மிஷன் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள் நான். அடுத்த சனிக்கிழமை காலையில் துப்பட்டாவைக் கழற்றி வைத்து, கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு போய் நின்றேன். விபத்தில் அடிபட்ட ஏதோ வண்டியின் பானட்டை இரண்டு டயர்மேல் படுக்கவைத்திருந்தான். மெஷின் நுனியில் தோசைக்கல் அளவுக்கு ஒரு பஞ்சு வட்டு. அதில் பாலிஷ் களிம்பைத் தொட்டு வைத்தான். வட்டைப் பானட்டின்மேல் பதித்த பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டுமாம். நான் தூக்கிப் பிடித்துக்கொண்டே போட்டேன். களிம்பு மொத்தமும் தம்பியின் சட்டையிலும் என் மூக்குக்கண்ணாடியிலும் தெறித்தது.

அவன் சட்டையைத் துடைத்துக்கொண்டான்.

மறுபடி போட்டேன். மெஷின் என்னை இழுத்துக்கொண்டு பானட்டின் ஓரத்துக்கே போய்விட்டது. "அமுக்காதக்கா. அதோட கனமே போதும். தட்டையா வச்சு நகத்திக்கிட்டே இரு, ஒரே எடத்துல நிக்காத." நான் நின்றேன். ஓரத்தில் சூடேறி, பெயின்ட் வெந்து, அடியிலிருந்த சாம்பல் பூச்சு கண் திறந்து பார்த்தது. அந்த பானட் யாருக்கும் வேண்டாததாகப் போனது நல்லதாயிற்று.

நாலைந்து சனிக்கிழமைகள் இப்படியே போயின. ஒருநாள், சண்டை போட்டுக்கொண்டிருந்த மெஷின் திடீரென்று பேச்சுக் கேட்டது. தோளை இறுக்காமல் விட்டதும் கை தானாகப் போய் வந்தது. துணியால் துடைத்துப் பார்த்தால் பானட்டுக்குள் வேப்பமரம், மேகம், களிம்பு அப்பிய என் முகம். தம்பி குனிந்து பார்த்துவிட்டு, "மெஷின எடுத்துட்டுப் போ. ஓன் காருக்கே போடு" என்றான்.

என் கணவருடைய சித்தப்பா மகளுக்குப் பேரையூரில் நிச்சயதார்த்தம் வைத்திருந்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் போக வேண்டும். அதற்குள் முடித்துவிடலாம் என்று விடிந்ததும் வாசலில் ஆரம்பித்தேன். இடது பக்கக் கதவுகளை முடித்து, பானட்டில் நடுக்கோடுவரை வந்திருந்தபோது மெஷின் ஓய்ந்துவிட்டது. கரண்ட் இல்லை. பராமரிப்புக்காக நிறுத்தியிருக்கிறார்கள், அஞ்சு மணிக்குத்தான் வருமென்று பக்கத்து வீட்டு அக்கா மாடியிலிருந்து சொன்னார்.

கணவர் வண்டியைச் சுற்றி வந்தார். இடது பக்கம் கண்ணாடி. வலது பக்கம் கரிச்சட்டி. "இம்புட்டு அசிங்கமா இதுவரைக்கும் தெரியலயே. பஸ்ல போயிருவோமா?"

"அங்க போயி நல்ல பக்கம் தெரியிற மாதிரி நிறுத்துங்க. யாரு சுத்திப் பாக்கப் போறா?"

மாப்பிள்ளையின் பெரியப்பா பார்த்தார். மண்டபத்துக்கு வெளியே வெற்றிலை துப்பப் போனவர் வலது பக்கமாகத் திரும்பி வந்து, இடது பக்கம் போய், மறுபடி வலது பக்கம் வந்து நின்றார். பிறகு என் கணவரைக் கூப்பிட்டார்.

"ஏன் தம்பி, இது ரெண்டு காரு வெட்டி ஒட்டுனதா? தெரியாம வாங்கிட்டியளா?"

சுற்றிலும் ஆள் கூடிவிட்டது. எனக்குக் காதெல்லாம் சுட்டது. என் கணவர் தலையைச் சொறிந்தார். அப்புறம், "ஒரே காருதான் பெரியப்பா. இந்தப் பக்கம் எங்க வீட்ல பாலிஷ் போட்டது. பாதியில கரண்ட்டு போயிருச்சு" என்றார்.

"எவன் போட்டது?"

"எவனும் இல்ல. எங்க வீட்ல. இந்தா நிக்கிறா."

அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது. பட்டுச்சேலைக்காரிகள் நாலு பேர் வந்து பளபளத்த கதவில் விரலை வைத்துப் பார்த்தார்கள். ஒருத்தி அதிலேயே பூவைச் சரிசெய்துகொண்டாள். பெரியவர் மட்டும் விடுவதாக இல்லை. மெஷின் எவ்வளவு வேகம் சுற்றும், பெயின்ட் உரியாதா, டிராக்டருக்குப் போடலாமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பந்திக்குக் கூப்பிட ஆள் வந்த பிறகுதான் என்னை விட்டார்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் வலது பக்கத்தைப் போட்டு முடித்தேன். கணவர் வயரைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தார். முடிந்ததும் இருவரும் தெருவில் தள்ளி நின்று பார்த்தோம். கை நன்றாகப் பழகிவிட்டதால் வலது பக்கம் கூடுதலாக மின்னியது.

"இப்ப இடது பக்கம் மங்கலாத் தெரியுதே" என்றார்.

மெஷின் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.