டேப்லெட் நிறைய மஞ்சு

சாரல் காலத்தில் எங்கள் வீட்டில் இரண்டு நிறைந்துவிடும். ஒன்று, காயாத துணி தொங்கும் கொடி. இன்னொன்று, டேப்லெட். கொடியை நிறைப்பது சாரல். டேப்லெட்டை நிறைப்பது நான். இது என் மனைவியின் கண்டுபிடிப்பு.

நாங்கள் குடியிருப்பது தென்காசியில். குற்றாலத்தில் அவளுக்குச் சின்னதாக ஒரு லாட்ஜ் உண்டு. நடத்துவதும் அவள்தான். எனக்கு அங்கே ஒரே வேலை: காலையில் மெயின் அருவிக்கு முன்னால் போய் நிற்பது. அவள் என்னையும் அருவியையும் சேர்த்து வீடியோ எடுத்து, வழக்கமாக வருகிறவர்களுக்கு அனுப்புவாள். சீசனில் வேறு சிலர் போன வருடத்து வெள்ளத்தை இன்றைய வெள்ளம் என்று அனுப்பிவிடுகிறார்கள். அதை நம்பி வந்து வெறும் பாறையைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் உண்டு. எங்கள் வீடியோவில் அந்தப் பேச்சே இல்லை. தினம் ஒரு சட்டையில் நான் நிற்பேன். சட்டை மாறினால் நாள் மாறிவிட்டது என்று அர்த்தம். ஒரு மனிதன் காலண்டர் தாளாக வாழ்வது அவ்வளவு மோசமில்லை, கிழிக்காதவரை.

அன்று மூன்று நாள் தடைக்குப் பிறகு குளிக்க விட்டிருந்தார்கள். தண்ணீர் அருவிக்கு முன்னால் கட்டியிருக்கும் ஆர்ச்சைத் தாண்டி விழுந்ததால் போலீஸ் கயிறு கட்டியிருந்தது. அந்த நாட்களில் அவள் வீடியோ அனுப்பவில்லை. அறைகளும் காலியாகவே கிடந்தன. மதுரை அக்கா ஒருவர், மூன்று குடும்பத்தோடு வருகிறவர், காலையிலேயே போன் செய்துவிட்டார். வேன் வாசலில் நிற்கிறது. குற்றாலமா, கொடைக்கானலா என்பதை எங்கள் வீடியோவைப் பார்த்துத்தான் முடிவு செய்வாராம்.

மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் வந்து இறங்கினோம். அவள் டேப்லெட்டைத் தூக்கிப் பிடித்தாள். இடம் போதவில்லை என்றது அது.

"எம்புட்டு மஞ்சுதான் இருக்கு இதுக்குள்ள?" என்றாள்.

மலை மேல் இறங்குகிற வெண்மூட்டத்தை இந்தப் பக்கம் மஞ்சு என்போம். அதை எடுத்து வைப்பது என் பழக்கம். மரத்தை விழுங்கும் மஞ்சு, விழுங்கிய மரத்தைத் திருப்பித் தரும் மஞ்சு, தருவதா வேண்டாமா என்று யோசிக்கும் மஞ்சு.

"ஒவ்வொண்ணும் வேற வேற" என்றேன்.

"எனக்கு எல்லாம் ஒரே வெள்ளையாத்தான் தெரியுது. அலமாரில பஞ்ச அடைச்சு வச்ச மாதிரி."

"நீ மட்டும் என் சட்டை வீடியோ எல்லாத்தையும் சேத்து வச்சிருக்கியே?"

"அத அழிக்க முடியாது. எந்தச் சட்டய என்னிக்குப் போட்டியன்னு அதப் பாத்துதான சொல்லுதேன். உங்க மேல உள்ள பிரியத்துலயா வச்சிருக்கேன்?"

இப்படி ஒரு பதிலை அருவிக்கரையில் நின்று கேட்க ஒரு கொடுப்பினை வேண்டும்.

"கேச்சை மட்டும் அழிப்போம். யார் பொருளும் போகாது" என்றேன்.

"கேச்சின்னா என்னது?"

"ஒரு தடவை பாத்ததை மறுபடி தேட வேண்டாம்னு ஒவ்வொரு ஆப்பும் எடுத்து ஒதுக்கி வச்சுக்கிடும்."

"பழைய பஸ் டிக்கெட்ட எல்லாம் சட்டப் பையில வச்சிருக்கியளே, அந்த மாதிரியா?"

"அந்த மாதிரிதான்."

"அப்ப வெரசா அழிங்க."

ஒவ்வொரு ஆப்பாகத் திறந்தேன். சமையல் வீடியோ ஆப்பில் அவள் செய்யாத பலகாரங்களின் மிச்சம் மலையாகக் கிடந்தது. மேப் ஆப்பில் நான் போகாத ஊர்கள் எல்லாம். மத்தியானத் தூக்கம் வராதபோது தெருத்தெருவாக விரலால் நடந்த ஊர்கள். ஒரு தொடுதலில் எல்லாம் துடைத்துக்கொண்டு போயின. உள்ளே கொஞ்சம் காற்று புகுந்தது போலிருந்தது. கடைசியில் மெசேஜ் ஆப். அதில் கிளியர் கேச்சும் கிளியர் டேட்டாவும் ஒட்டி நின்றன. ஈர விரல் வழுக்கியது. அவள் என் விரலைக் கையோடு பிடித்துக்கொண்டாள்.

"மதுரை அக்கா, மத்த ஆளுக எல்லாரும் இதுக்குள்ளதான் இருக்காக. டேட்டாவத் தொட்டிய, அவ்வளவுதான். நகருங்க, நானே அமுக்குதேன்."

சரியானதையே அமுக்கினாள். இடம் வந்தது. நான் மழைக்கோட்டைக் கழற்றிவிட்டு ஓடிப்போய் நின்றேன். எனக்குப் பின்னால் தண்ணீர் விழுந்தது. "ஏலே, வழுக்கும், தள்ளி நில்லு" என்று போலீஸ்காரர் யாரையோ விரட்டிக்கொண்டிருந்தார். வீடியோ போய்ச் சேர்ந்தது. பதிலுக்குக் காத்திருக்கையில் அவள் டேப்லெட்டை என்னிடம் தந்துவிட்டு டீ வாங்கப் போனாள்.

அப்போது மேலே மஞ்சு இறங்கியது. உச்சியை மூடி, அருவி எங்கிருந்து விழுகிறது என்பதையே மறைத்துவிட்டு, தண்ணீர் வானத்திலிருந்து நேராகக் கொட்டுவது போல. இடமும் இருந்தது. நான் என்ன செய்வேன்?

டீயோடு அவள் வரவும் பதில் வரவும் சரியாக இருந்தது. மதுரை அக்காவின் குரல்: "ஏம்மா, இது தடைக்கு முன்னாடி எடுத்ததுல்ல? சார் இதே நீலக் கட்டம்தான போட்டிருந்தாரு? நீயுமா இப்படி?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் என்னைப் பார்த்தேன். நீலக் கட்டம். கொடியில் தொங்கியவற்றில் அது ஒன்றுதான் காய்ந்திருந்தது. அதுவரை மழைக்கோட்டுக்குள் இருந்தது, எடுக்கிற அவசரத்தில் அவளும் கவனிக்கவில்லை.

"நீயுமான்னு கேட்டுட்டாகளே" என்றாள் மெல்ல. எத்தனையோ சீசன் பொய் சொல்லாமல் சம்பாதித்த பேர் என் சட்டையில் போய்க்கொண்டிருந்தது.

பக்கத்துக் கடையில் துண்டும் டி-சர்ட்டும் தொங்கின. என் அளவுக்கு ஒன்றும் இல்லை. அளவை விட்டுவிட்டுப் பார்த்ததில் ஆரஞ்சு நிறத்தில், நெஞ்சில் குரங்கு படம் போட்டு ஒன்று கிடைத்தது. மூச்சைப் பிடித்து உள்ளே புகுந்தேன். அவள் டேப்லெட்டைத் தூக்கினாள். இடம் போதவில்லை என்றது.

"இப்பத்தான அழிச்சோம்?" என்று திறந்து பார்த்தாள். மஞ்சு. ரொம்ப நேரத்து மஞ்சு. அவள் அதை அப்படியே என்னிடம் நீட்டினாள். வைதிருந்தால் வாதாடியிருப்பேன். நானே அழித்தேன்.

"நாளைக்கும் வரும், விடுங்க" என்றாள். "இப்ப அந்தக் குரங்கு தெரியுத மாதிரி நெஞ்ச நிமித்துங்க."

நிமிர்த்தினேன். பதில் உடனே வந்தது. அக்கா சிரித்த சிரிப்பில் பாதிப் பேச்சு கேட்கவில்லை. "இந்தச் சட்டைய இதுக்கு முன்னால பாத்ததே இல்லம்மா. கெளம்பிட்டோம்" என்றது மட்டும் கேட்டது.

சாயங்காலம் வேன் வந்தது. அதில் வந்த பிள்ளைகள் என் நெஞ்சிலிருந்த குரங்குக்குத்தான் முதலில் வணக்கம் சொன்னார்கள். சாவி எடுக்க அவள் உள்ளே போனபோது லாட்ஜ் மாடிக்கு மேலே மஞ்சு மறுபடி இறங்கியது. காலையில் அழித்ததேதானோ என்னவோ. கை தானாக டேப்லெட்டைத் தேடியது.

அதை அவள் கையோடு உள்ளே எடுத்துப் போயிருந்தாள்.