கொடி தைத்த நாட்கள்

தாராவியில் சட்டை தைக்கும் பட்டறை ஒன்றில் எனக்கு வேலை. வெளிநாட்டு ஆர்டர் நின்றதும் பதினாலு பேரில் இரண்டு பேர்தான் மிஞ்சினோம். நானும் பக்கத்து மிஷின்காரரும். அவரும் திருநெல்வேலிப் பக்கம்.

அப்போது தேர்தல் வந்தது. பட்டறை முதலாளி சேட் கொடி ஆர்டர் பிடித்தார். காலையில் ஒரு கட்சிக்கு, மத்தியானத்துக்கு மேல் எதிர்க்கட்சிக்கு. ஊரில் வேலை இல்லாமல் போனதற்கு எதிராளிதான் காரணம் என்று இரண்டு கட்சியும் தெருவில் மைக் போட்டுச் சொன்னது. தகரக் கூரையின் ஓட்டை வழியாக வெயில் கொடித் துணியில் விழும். எங்கள் கை, முகம் எல்லாம் நிறம் மாறும். தண்ணீருக்குள் உட்கார்ந்து தைப்பது போல இருக்கும்.

"எல்லாம் இவனுவ பண்ணுன வேலதாம்வே," என்பார் அவர்.

"அவனுவ கொடியத்தானவே தைக்கீரு?"

"தையல லூசா விட்டிருக்கேன். காத்தடிச்சா கிழியட்டும்."

"கிழிஞ்சா நம்மகிட்டதான் வரும். இன்னும் லூசா விடும்."

ஓட்டுப் போட்ட மறுநாள் சேட் மிஷின்களைத் துணியால் மூடினார். ஆர்டர் வந்தால் போன் பண்ணுவதாகச் சொன்னார்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். குர்லாவில் வேலை கேட்கப் போகணும், மூன்று மணிக்கு எழுப்பு என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் படுத்தேன். கனவில் வெள்ளைத் துணி ஓடிக்கொண்டே இருந்தது. அதில் எந்தச் சின்னமும் இல்லை. விழித்தபோது ஐந்து மணி.

"ஏன் எழுப்பல?"

"தூக்கத்துல ஒங்க காலு மிஷின் மிதிச்சுக்கிட்டே இருந்துச்சு. வேலையா இருக்கியன்னு விட்டுட்டேன்."

சட்டையை மாட்டிக்கொண்டு, குர்லா ரயிலைப் பிடிக்க ஸ்டேஷனுக்கு நடந்தேன்.