மூன்றாம் மாடி மேயர்

எங்கள் கொள்ளுத்தாத்தா மேயராக இருந்தவர். சரியாகச் சொன்னால், நூறு வருஷத்துக்கு முன்பு தெற்கே ஒரு சின்ன ஊரின் நகரசபைத் தலைவர்; மேயர் பட்டம் அப்பா கொடுத்தது. ஊருக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்தாராம், முதல் குழாயைக் கடைசித் தெருவில் திறந்தாராம், தன் வீட்டுக்கு எல்லோருக்கும் பிறகுதான் இழுத்தாராம். வடக்கே நாங்கள் இருந்த சரோஜினி நகர் அரசுக் குடியிருப்பில், எங்கள் மூன்றாம் மாடிக் குழாய் வெறும் காற்றை விடும் காலைகளில் அப்பா இதைச் சொல்வார். அந்த நேரத்தில் அம்மா கீழே தோட்டத்துக் குழாயிலிருந்து பக்கெட்டோடு படியேறிக்கொண்டிருப்பாள்.

எனக்கு எட்டு வயது. பள்ளி மாறுவேடப் போட்டிக்கு மேயராகப் போனேன். அப்பாவின் கோட், ஒரு தலைப்பாகை, திரைச்சீலை வளையங்களைக் கோத்த பதவிச் சங்கிலி. பரிசு ஒரு தேசத் தலைவருக்குப் போனது. அன்று மேடையில் அவர் மட்டும் நான்கு பேர்.

வேஷத்தைக் கலைக்க மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து ஓர் உத்தரவு எழுதினேன், எனக்கு எழுதத் தெரிந்த ஹிந்தியில். கீழ்க்கண்ட வீடுகளுக்கு உடனே தண்ணீர் வர வேண்டும். எங்கள் பிளாக்கின் பன்னிரண்டு வீடுகள். கொள்ளுத்தாத்தா வழியில் எங்களுடையது கடைசி.

அம்மா படித்தாள். "எல்லாருக்கும் மொதல்ல, நமக்குக் கடைசியா? பக்கெட் தூக்குறது யாரு, உங்க மேயரா?"

"கொள்ளுத்தாத்தா அப்படித்தாம்மா செஞ்சார்."

"அவர் எந்த மாடியில இருந்தாராம்?"

அப்பா பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார்.

அம்மா தாளை மறுபடி படித்தாள். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, வேஷத்தோடு என்னையும் இழுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். தரைத்தளத்து பஞ்சாபி ஆன்ட்டி தன் வீடு முதலில் இருப்பதைப் பார்த்துச் சிரித்துக் கையெழுத்துப் போட்டார். தோட்டத்துக் குழாய்ச் சண்டைக்குப் பிறகு அம்மாவோடு பேசாத எதிர்வீட்டுக்காரரும் போட்டார். அம்மா கடைசியில் போட்டாள்.

மறுநாள் என்கொயரிக்குப் போனோம். குடியிருப்பில் எது பழுதானாலும் புகார் எழுதும் அலுவலகம் அது. அங்கிருந்த கிளார்க்குக்கு அம்மாவை நன்றாகத் தெரியும்.

"ஃபிர் ஆ கயீ, பெஹன்ஜி?" என்றார், மறுபடியும் வந்துவிட்டீர்களா என்று. என் சங்கிலியைப் பார்த்ததும் எழுந்து நின்று சலாம் வைத்தார். "அச்சா, மேயர் சாப்!"

உத்தரவை மேஜைமேல் வைத்தேன். சிரித்தபடி படிக்கத் தொடங்கியவர், கையெழுத்துகளுக்கு வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு எஞ்சினியரைக் கூப்பிட்டார்.

ஒரு வாரத்தில் பிளாக்கின் பின்னால் தோண்டி, துருப்பிடித்த மெயின் குழாயை மாற்றினார்கள். எங்கள் வீட்டுக் குழாய் இருமியது, செம்மண் நிறத்தில் துப்பியது, பிறகு தெளிவாகக் கொட்டியது. எல்லா வீட்டுக்கும் அதே காலையில் வந்துவிட்டதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம். எங்களுக்குக் கடைசியாக வந்திருக்க வேண்டும், அதுதானே உத்தரவு.

இப்போது நகரத் திட்டமிடல் படிக்கிறேன். அந்தப் பிளாக்கில் ஒவ்வொரு வீடும் வருஷக்கணக்காகத் தன் குழாயைப் பற்றி மட்டுமே புகார் எழுதியதும், ஒவ்வொரு முறையும் பிளம்பர் வந்து வாஷரை மாற்றிவிட்டுப் போனதும் பிற்பாடுதான் தெரிந்தது. எட்டு வயதில் எல்லாம் சங்கிலியின் மகிமை என்றே நம்பினேன். ஒரு மாதம் கழற்றாமல் திரிந்தேன். பதினொரு கதவுகளையும் தட்டியது என் கை இல்லை என்பதை அன்று நான் கவனிக்கவே இல்லை.