போடிச் சூட்டுக்குக் கட்டிய கிட்டார்

கிட்டாரின் கொம்பைக் கடித்துக்கொண்டுதான் கத்தரீனாள் சுதி சேர்ப்பாள். மின்சாரக் கிட்டார், மின்சாரம் இல்லாத வீட்டில் கொசு பாடுகிற அளவுக்குத்தான் சத்தம் போடும். போடிமெட்டுக்கு மேலே அவள் இருக்கிற ஏலத்தோட்டத்து லயத்துக்கு, அந்தக் கூலிவீட்டு வரிசைக்கு, இன்னும் மின்கம்பம் நடவில்லை. அதனால் கட்டையில் பல்லைப் பதித்துக்கொண்டு கம்பியைச் சுண்டுவாள். நாதம் தாடை வழியாக ஏறி மண்டைக்குள் மணியடிக்கும். சிவப்புப் பூச்சில் பல்தடம் வரிசையாக விழுந்திருக்கிறது. லயத்துப் பொடிசுகள் அதற்கு 'எலி கடிச்ச கிட்டாரு' என்று பேர் வைத்திருக்கிறார்கள். பேர் வைத்தவன் யாரென்று அவளுக்குத் தெரியும்.  அவளைக் கண்டால் அவன் ஏலச்செடிக்குள் புகுந்துகொள்கிறான்.

பகலில் ஏலக்காய் தரம் பிரிக்கிறாள். முறத்தைப் பார்க்காமலே விரல் சொத்தைக் காயைத் தள்ளிவிடும். அவள் குரலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு சரிவில் நின்று எதிர்ச் சரிவில் இருப்பவளை, "ஏ அன்னமேரீ..." என்று கூப்பிடுவாள். கடைசி எழுத்து மேலே மேலே ஏறிப் பனிமூட்டத்தைத் தாண்டிப் போய் ஆளைத் தொடும். கீழ்நாட்டுக்காரர்கள் கூப்பிட்டால் முடிவில் குரல் தொய்யும். மலைக்காரர்களுக்கு முடிவில்தான் ஏற்றம்.

கிட்டார், சின்னத்துரை என்று எல்லாரும் கூப்பிடுகிற தோட்டத்து உதவி மானேஜருடையது. அவள் பங்களாவில் பாத்திரம் தேய்த்த காலத்தில் அவர் மாற்றலாகிப் போனார். போகும்போது அதை அவள் கையில் கொடுத்து, "விறகாக்கிடாதே" என்றார். அன்றிலிருந்து யாரிடமும் கேட்காமல் கோயில் பாட்டு ஒவ்வொன்றாகத் தேடித் தேடிப் பிடித்தாள். எல்லாம் பிடிபட்டது, ஒன்றைத் தவிர. மாதா பாட்டின் கடைசி 'அம்மா' மலைக் கூப்பாடு போல ஏற வேண்டும். கிட்டார் ஏறமாட்டேன் என்றது.

கம்பிகள் ஆறும் வந்து உட்காரும் இரும்புப் பட்டையைக் குதிரை என்பாள். அதில் செருகியிருக்கும் லீவரை அழுத்தினால் சுதி இறங்கும். விட்டால் பழைய இடத்துக்கு வரும். தூக்கினால் ஏற வேண்டும். ஆனால் குதிரை கட்டையோடு ஒட்டிப் படுத்துக் கிடந்தது. படுத்துவிட்டதை இன்னும் எங்கே சாய்ப்பது?

முதுகுத் தகட்டைத் திருகிக் கழற்றினாள். உள்ளே ஐந்து ஸ்ப்ரிங். முன்னால் கம்பிகள் இழுக்க, பின்னால் ஸ்ப்ரிங் இழுக்க, அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவே நிற்கிற மாப்பிள்ளை மாதிரி குதிரை. இரண்டு ஸ்ப்ரிங்கைக் கழற்றிப் புருஷன் சுவக்கீனின் சட்டைப் பையில் போட்டாள். மற்ற மூன்றையும் பிடித்திருந்த திருகாணிகளைத் தளர்த்தினாள். குதிரையின் பின்பக்கம் கட்டையை விட்டு எழுந்தது. எவ்வளவு எழலாம் என்பதற்கு அவள் வைத்திருக்கும் அளவு ஓர் ஏல அரிசி, அதாவது காயை உடைத்தால் வருகிற கறுப்பு விதை. அந்த இடுக்கில் விதை உரசிக்கொண்டு போய், உரசிக்கொண்டு வர வேண்டும். வேலை அத்தோடு முடியாது. ஒரு கம்பியை முறுக்கினால் குதிரை அசையும். குதிரை அசைந்தால் மற்ற ஐந்தும் இளகும். திரும்ப முதலிலிருந்து. கம்பி வழுக்கி வழுக்கித் தன் இடத்துக்குத் திரும்ப, கழுத்து உச்சியில் அது படியும் பள்ளங்களில் பென்சில் கரியைத் தடவினாள்.

இவ்வளவும் செய்து போன வருஷம், எழுபத்தாறில், அடிவாரத்தில் போடி மாதா கோயில் திருவிழாவுக்குக் கொண்டுபோனாள். 'அம்மா' ஏறவில்லை. எல்லாக் கம்பியும் தொய்ந்து, குதிரை மறுபடி படுத்துவிட்டிருந்தது. பாடகர் குழுவை நடத்தும் சூசையப்பன் ஆர்மோனியத்துக்குப் பின்னாலிருந்து, "அக்கா, அது பாடுதா, கொட்டாவி விடுதா?" என்றார். கூட்டம் சிரித்தது. கலையும்போது அவர் மெதுவாகத்தான் சொன்னார். "அடுத்த வருசம் ஒரு தடவ பாப்போம்க்கா. அப்பவும் இப்படித்தான்னா ஆர்மோனியம் மட்டும் போதும்."

அந்த வருஷம் முழுக்கக் கத்தரீனாள் பல்லைக் கடித்துக்கொண்டு திரிந்தாள், கிட்டாரில் பாதி, சும்மா பாதி. கம்பி தொய்ந்தது ஜீப்பின் குலுக்கலால் என்று நினைத்தாள். கண்ணேறு என்று சுவக்கீன் சொன்னார். பிறகு ஒரு நாள் கிட்டாரை ஏலக்காய் ஸ்டோரின் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு முறம் எடுக்கப் போனாள். பச்சைக் காயைத் தட்டுகளில் பரப்பி, தகரக் குழாய்ச் சூட்டில் உலர்த்துகிற அறை அது. சுவக்கீன்தான் அடுப்புக்காரர். திரும்பி வந்து கம்பியைச் சுண்டினால் அதே கொட்டாவி.

"இங்கேருங்க! குளுருல கட்டி வெயிலுக்குக் கொண்டுபோனா எப்படி நிக்கும்? சூட்டுல கம்பி இளகுது. ஸ்ப்ரிங்கு ஜெயிச்சிருது."

"அதுக்கு?"

"சூட்டுல வச்சே கட்டணும். காய எறக்குனதும் என்னைய உள்ள வச்சுப் பூட்டுங்க."

"அடி கிறுக்கச்சி, வெந்து போவ!"

"காயி வேகல, நான் வெந்துருவேனாக்கும்."

திருவிழாவுக்கு முந்தின நாள், காய்ந்த சரக்கை எடுத்து அடுப்பை அணைத்த பிறகு, கிட்டாரோடும் திருப்புளியோடும் உள்ளே போனாள். சுதிக்கு ஒரு மவுத் ஆர்கன், முந்தானை முடிச்சில் ஏல அரிசி. சுவக்கீன் கதவுக்கு வெளியே கண்டக்டர் மாதிரி உட்கார்ந்துகொண்டார்.

"புள்ள, உயிரோட இருக்கியா? இப்ப எங்க இருக்க?"

"நரகம்."

ஒரு பீடி குடித்து முடித்தார். "இப்ப?"

"மதுரை. சித்திரை வெயிலு."

"தண்ணி வேணுமா?"

"கதவத் தொறந்தீங்கன்னா சூடு போயிரும். தொறந்துதான் பாருங்களேன்!"

சுவக்கீன் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப?"

"தேனி வந்திருச்சு. பேசாதீங்க."

சூட்டை அவள் அளந்தது மேலுதட்டு வியர்வையை வைத்துத்தான். போடி பஸ் நிற்கிற இடத்தில் எப்படி அரும்புமோ அப்படி அரும்புகிற அளவுக்குச் சூடு இறங்கும்வரை கம்பியைத் தொடவில்லை. பிறகு உள்ளிருந்து திருகாணி முனகுகிற சத்தம், ஆர்கன் சத்தம், 'ணிங்' என்று ஒரு கம்பி, மறுபடி திருகாணி. வெளியே வந்தபோது மழையில் நனைந்தவள் போல இருந்தாள். கிட்டாரில் ஏலக்காய் மணத்தது.

மறுநாள் காலை பனியில் சுவக்கீன் ஆசையாகக் கம்பிகளைத் தடவினார். அபஸ்வரம், ஆறும். குதிரை பின்னங்கால் தூக்கி நின்றது. இடுக்கில் விதை தொளதொள என்று ஆடியது.

"ஐயோ கத்தரீனா, எல்லாம் போச்சே!"

"கைய எடுங்க. இது போடிக்குக் கட்டுனது."

ஜீப் இறங்கத் தொடங்கியது. ஒவ்வொரு வளைவிலும் சுவக்கீன் அவள் முகத்தைப் பார்ப்பார். "லேசா ஒரு திருகு திருகிப் பாப்போமா?" அவள் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். கை தானாகப் போய்விடுமோ என்ற பயம் அவளுக்கும் இருந்தது. வேட்டியால் போர்த்திய கிட்டார் மடியில் கிடந்தது. கடைசி வளைவு தாண்டியதும் வெந்நீர்த் துணி போட்டது போல வெயில் முகத்தில் விழுந்தது.

கோயில் முற்றத்தில் மைக் செட்டுக்காரர் ஒயரைச் செருகினார். சூசையப்பன் ஆர்மோனியத்தை மடியோரம் தயாராக வைத்துக்கொண்டு, "பாத்துக்கா, கூட்டம் போன வருசத்தவிட அதிகம்" என்றார். கத்தரீனாள் மேலுதட்டைப் புறங்கையால் தடவிப் பார்த்தாள். ஈரம் சரியாக இருந்தது. ஆர்மோனியத்தின் கட்டையை அவர் அழுத்த, அவள் ஆறு கம்பியையும் வருடினாள். சுதி ஒட்டிக்கொண்டது.

மாதா பாட்டு முடிவுக்கு வந்தது. பாடியவர்கள் மூச்சு வாங்க நிறுத்த, அவள் லீவரைத் தூக்கினாள். 'அம்மா' ஏறியது. கூரையைத் தாண்டி, கொடிமரத்தைத் தாண்டி, எதிரில் இருக்கிற யாரையோ கூப்பிடுகிற மாதிரி ஏறி, கொஞ்சம் நின்று, கிளம்பிய இடத்துக்கே பிசகாமல் வந்து உட்கார்ந்தது. வாசலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் தம்ளரோடு மலைப்பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

சூசையப்பன் ஆர்மோனியத்தை ஒரு சாண் பின்னால் நகர்த்தினார். "அடுத்த பாட்ட நீங்களே எடுங்கக்கா" என்றார்.

 கத்தரீனாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஏல அரிசியை எடுத்தாள். குதிரையின் அடியில் விட்டு இழுத்தாள். உரசிக்கொண்டு போய், உரசிக்கொண்டு வந்தது. அதை வாயில் போட்டு, கடைவாயில் வைத்துக் கடித்தாள்.