தீபாவளிக்கு மழை பெய்யாத தோட்டம்

போன தீபாவளி முடிந்த மறு வாரம், ஒரு புதன்கிழமை, மலேசியாவின் கெடா மாநிலத்திலுள்ள லூனாஸுக்குப் போனேன். மழை அளவுகளை ஆராய்வது என் தொழில். அங்கே ஒரு பழைய ரப்பர் தோட்டத்தை அழித்துச் சோலார் பண்ணை அமைக்கப் போகிறார்கள். மரங்கள் போனபின் எவ்வளவு தண்ணீர் ஓடிவரும், வடிகால் எவ்வளவு அகலம் வேண்டும் என்று மாநிலக் குழுவுக்கு அறிக்கை எழுதியவள் நான். நம் பேச்சை எந்த அரசாங்கம் கேட்கிறது என்று வருடக்கணக்கில் புலம்பியவளும் நான்தான். இந்த முறை கேட்டார்கள். நான் சொன்ன அகலத்தையே அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். அறிக்கை எழுதும்போது இடத்தைப் பார்த்தாயா என்று கேட்காதீர்கள். இப்போதுதான், நாலு படம் எடுத்துப் பெருமையடிக்கக் கிளம்பினேன்.

கோலாலம்பூரிலிருந்து காலை ரயிலில் புக்கிட் மெர்தாஜம் நாலு மணி நேரம். டிக்கெட் எழுபத்தொன்பது வெள்ளி. அங்கிருந்து நாள் வாடகைக்குக் குமார் அண்ணனின் கார், இருநூற்று ஐம்பது வெள்ளி. லூனாஸ் டவுனைத் தாண்டி ஆறு கிலோமீட்டர். கடைசி இரண்டும் செம்மண். மழை விட்டபாடில்லை.

"கார் உள்ள போகுமா அண்ணே?"

"போகும்லா. வெளிய வர்றதுதான் டவுட்டு."

தோட்டச் சரிவின் அடியில் ஒரு வரிசை வீடுகள் இன்னும் இருக்கின்றன. அதில் கடைசி வீடு சரோஜா அக்காவுடையது. தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். மரம் நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது என்பதால் தோட்டங்களில் மழையைத் தினமும் அளந்து எழுதுவார்கள். இங்கே அந்த வேலை அக்காவுடையது. என் அறிக்கை முழுக்க அவர் எழுதிய எண்களின் மேல்தான் நின்றது. புது வடிகால் அவர் சமையலறைக்குப் பின்னால்தான் வரப்போகிறது.

டேப்லட்டைத் திறந்து வரைபடத்தைக் காட்டினேன். "பாருங்கக்கா, மழைக்காலத்துலகூட வருஷா வருஷம் நாலஞ்சு நாள் சொட்டு மழை இல்ல. தண்ணி வடியறதுக்கு நல்ல இடைவெளி."

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேதிகளைப் பார்த்தார். "இது தீபாவளி சூத்திலா தங்கச்சி, லீவு நாளு. ஆபீஸ் பூட்டியிருக்கும். மழைய யாரு போய் பாப்பா?"

"அப்ப ஏங்க்கா சைபர் போட்டீங்க?"

"காலியா விட்டா மானேஜர் கத்துவாரு. சைபர் போட்டா ஒண்ணும் கேக்கமாட்டாரு."

"லீவு முடிஞ்சு வந்து பாக்கும்போது?"

"மழை அளக்குற டின்னு நிரம்பி வழிஞ்சிக்கிட்டு இருக்கும். கொட்டிட்டு புதுசா ஆரம்பிப்பேன்."

தேதிகளை நானும் திரும்பப் பார்த்தேன். அந்த நாட்களில் நானும்தான் லீவு போட்டு வீட்டில் முறுக்கு சுட்டிருக்கிறேன், வெளியே பேய்மழை கொட்டக் கொட்ட. ஒரு தமிழச்சிக்குத் தீபாவளித் தேதி தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அந்த வடிகால் போதாது, தண்ணீர் அக்கா வீட்டுக்குள்தான் வரும் என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

அப்படியே மாநிலத் தலைநகர் அலோர் ஸ்டார். தொண்ணூற்றைந்து கிலோமீட்டர், மூன்றே முக்காலுக்குச் சேர்ந்தேன். குழுவின் அதிகாரி மலாய்க்காரர், மரியாதையானவர். தேநீர் தந்தார். "டாக்டர், இந்த எண்களை நம்பலாம் என்று நீங்கள்தான் கையெழுத்துப் போட்டீர்கள். குழு அறிவியலைக் கேட்டு முடிவெடுத்துவிட்டது. மாற்ற வேண்டுமென்றால் சரியான எண்களைக் கொண்டுவாருங்கள்" என்றார். சரியான எண்களை அக்கா வருடா வருடம் புல்லில் கொட்டியிருக்கிறார். எதைக் கொண்டுபோவது? அதிகாரி மேல் கோபப்படவும் முடியவில்லை. வடிகால் போதாது என்று கடிதமாகக் கொடுத்துவிட்டு இரவு ரயிலைப் பிடித்தேன்.

இதே மாதிரி வேலைக்குப் போகிறவர்களுக்கு: அக்டோபர், நவம்பரில் உயரமான கார் எடுங்கள். டவுனிலேயே சாப்பிட்டுவிடுங்கள், உள்ளே கடை கிடையாது. அறிக்கையில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் போங்கள். எண்ணை எழுதியவரைப் பார்த்து, எந்தெந்த நாள் எழுதவில்லை என்று கேளுங்கள். எனக்கு அது ஒரு நாள் வேலை. செய்யவில்லை.

என் கடிதம் அடுத்த மறுஆய்வில் கவனிக்கப்படும் என்று பதில் வந்தது. வடிகால் தோண்டத் தொடங்கிவிட்டார்கள். அக்கா வாரம் ஒரு குரல்செய்தி அனுப்புகிறார். இந்த வாரம் வந்தது: "தங்கச்சி, நான் சைபர் போட்டதாலதான் இப்படின்னு பக்கத்து வீட்டுல எல்லாம் ஏசுறாங்க. உண்மையா?"

இல்லை என்று உடனே குரல்செய்தி அனுப்பினேன். கேட்டதாக அடையாளம் விழுந்தது.